பதவியைப் பங்கிட்டால் போதுமா? பல மொழி, பல மதத்தார் உள்ள சங்கத்தில் அதிகாரத்தைப் பிரித்துக்கொள்ள முழுமையான வழிகாட்டி

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் முந்நூறு வீடுகள் உள்ள ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். லிஃப்டில் ஏறினால் தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி, வங்காளம் எல்லாம் காதில் விழும். சங்க நிர்வாகிகளின் பட்டியலும் பார்க்க அழகாகத்தான் இருக்கும்: துணைத் தலைவர் மலையாளி, இணைச் செயலாளர் ஒரு பெண், செயற்குழுவில் ஒரு முஸ்லிம், ஒரு கிறிஸ்தவர். ஆனால் கட்டடத்துக்கு பெயின்ட் அடிக்கும் கான்ட்ராக்ட் யாருக்கு என்பது, குழு கூடுவதற்கு முந்தின நாளே மூன்று பேர் வாக்கிங்கில் பேசி முடித்த விஷயமாக இருக்கும். மற்றவர்கள் வந்து கையெழுத்துப் போடுவார்கள்.

அந்த மூன்று பேரைக் குறை சொல்வது சுலபம். ஆனால் பெரும்பாலான சங்கங்களில் வேலை பார்ப்பவர்களும் அவர்கள்தான். காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் போன் அவர்களுக்குத்தான் போகும். எவ்வளவு நல்லவர்கள் வந்து உட்கார்ந்தாலும் ஏற்பாடு அதுவேதான் என்றால் முடிவும் அதுவேதான். அதனால் ஏற்பாட்டை மாற்றும் வழிகளை மட்டும் இங்கே எழுதுகிறேன். உதாரணங்களைக் குடியிருப்புச் சங்கத்தை வைத்தே சொல்கிறேன். தொழிற்சங்கம், தொண்டு நிறுவனம், கூட்டுறவுச் சங்கம் நடத்துபவர்கள் அளவுகளை மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம்.

படி 1: அதிகாரம் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்

தலைவர் நாற்காலியில் அது இருப்பது குறைவு. என் அனுபவத்தில் ஐந்து இடங்களில் இருக்கும்: அஜெண்டா தயாரிப்பவர், செக்கில் கையெழுத்துப் போடுபவர், கான்ட்ராக்டரையும் மேனேஜரையும் தேர்ந்தெடுப்பவர், மினிட்ஸ் எழுதுபவர், வாட்ஸாப் குழுவின் அட்மின். கடைசி ஆளைச் சிரித்துக்கொண்டே கடந்து போய்விடாதீர்கள். முந்நூறு வீட்டுக்கும் எந்தச் செய்தி போகலாம், யார் போட்டது "பொருத்தமற்ற பதிவு" என்று நீக்கப்படும் என்பதை முடிவு செய்பவர் அவர். பத்திரிகை ஆசிரியருக்கு உள்ள அதிகாரம் அது. தேர்தல் மட்டும் கிடையாது.

ஒரு பயிற்சி செய்யுங்கள். போன வருஷம் சங்கம் எடுத்த பத்து முடிவுகளை ஒரு தாளில் எழுதுங்கள். செக்யூரிட்டி ஏஜென்சி மாற்றம், தண்ணீர் லாரி ஒப்பந்தம், மெயின்டனன்ஸ் உயர்வு, கிளப் ஹவுஸ் வாடகை, நாய் வளர்ப்பு விதி, இந்த மாதிரி. ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்விகள். இதை முதலில் எழுப்பியது யார்? கொட்டேஷன்களைக் கூட்டத்துக்கு முன்பே பார்த்தது யார்? யாரிடம் "உங்களுக்கு ஓகேவா" என்று தனியாகக் கேட்டார்கள்? யார் மறுத்திருந்தால் இது நின்றிருக்கும்?

நான்காவது கேள்விக்கு அதே இரண்டு மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தால் உங்கள் சங்கத்தின் உண்மையான நிர்வாகக் குழு எது என்று தெரிந்துவிடும். இந்தத் தாளை உடனே வாட்ஸாப்பில் போட்டுவிடாதீர்கள். சண்டை வரும், வேலை நடக்காது.

படி 2: பிரிவுகளை அடையாளம் காணுங்கள், ஆனால் விதியில் எழுதி உறைய வைக்காதீர்கள்

எந்தெந்தப் பிரிவினர் இருக்கிறார்கள் என்று தெரியாமல் எதையும் பிரிக்க முடியாது. அதே சமயம், "தமிழருக்கு இத்தனை, மலையாளிகளுக்கு இத்தனை" என்று பைலாவில், அதாவது சங்கத்தின் விதிமுறைத் தொகுப்பில், எழுதும் ஆசை வந்தால் லெபனானை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே 1932-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கை வைத்து, 1943-இல் எழுதப்படாத ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். அதிபர் மாரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சுன்னி, நாடாளுமன்றத் தலைவர் ஷியா. நாடாளுமன்ற இடங்கள் கிறிஸ்தவர்களுக்கு ஆறு என்றால் முஸ்லிம்களுக்கு ஐந்து. அதன் பிறகு மக்கள்தொகை எவ்வளவோ மாறியது. கணக்கெடுத்தால் பங்கு மாறும் என்பதால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. ஆறுக்கு ஐந்து என்பது சரிபாதி ஆவதற்கு, பதினைந்து ஆண்டு உள்நாட்டுப் போரும் 1989-இன் தாயிஃப் ஒப்பந்தமும் வேண்டியிருந்தன. 1932-க்குப் பிறகு அதிகாரபூர்வக் கணக்கெடுப்பு இன்றுவரை இல்லை.

சுவிட்சர்லாந்து வேறு விதம். ஏழு பேர் கொண்ட அதன் மத்திய அமைச்சரவையில் பெரிய கட்சிகள் 2:2:2:1 என்று இடம் பிரித்துக்கொள்ளும் வழக்கம் 1959-இல் வந்தது. இது எந்தச் சட்டத்திலும் இல்லை. வட்டாரங்களுக்கும் மொழிகளுக்கும் உரிய பிரதிநிதித்துவம் வேண்டும் என்று மட்டும்தான் அரசியல் சட்டம் சொல்கிறது, எண் கிடையாது. 2003-இல் ஒரு கட்சி வளர்ந்து இன்னொன்று தேய்ந்தபோது ஓர் இடம் கைமாறியது, அவ்வளவுதான். குடியரசுத் தலைவர் பதவியும் அந்த ஏழு பேருக்குள் வருடத்துக்கு ஒருவராகச் சுற்றும்.

ஆக, கொள்கையை விதியில் எழுதுங்கள், எண்ணிக்கையை எழுதாதீர்கள்.

இன்னொன்று, கண்ணுக்குத் தெரியும் பிரிவுதான் முக்கியமான பிரிவு என்று நினைத்துவிட வேண்டாம். மெயின்டனன்ஸ் வீட்டுக்கு இவ்வளவு என்றா, சதுர அடிக்கு இவ்வளவு என்றா என்று ஒரு விவாதம் வரட்டும், பாருங்கள். இரண்டு பெட்ரூம்காரர்கள் தமிழ், தெலுங்கு, இந்தி எல்லாம் மறந்து ஒரே அணியில் நிற்பார்கள். உரிமையாளரும் வாடகைதாரரும், வயதானவர்களும் குழந்தை உள்ளவர்களும், முதல் மாடியும் பதினாறாவது மாடியும் என்று இப்படிக் குறுக்கே ஓடும் கோடுகள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. இன்று எதிர்த்தவர் நாளை உங்கள் பக்கம் ஓட்டுப் போட வேண்டியவர் என்றால் பேச்சில் தானாகவே ஒரு மரியாதை வந்துவிடும்.

படி 3: ஓட்டுப் போடும் முறையை மாற்றுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

பெரும்பாலான சங்கங்களில் ஒன்பது இடத்துக்குத் தேர்தல் என்றால் ஒவ்வொருவரும் ஒன்பது பெயருக்கு டிக் போடுவார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 ஓட்டில் ஒரு அணிக்கு 180, இன்னொன்றுக்கு 120. பெரிய அணி தன் ஒன்பது பேருக்கும் ஒழுங்காக ஓட்டுப் போட்டால் ஒவ்வொருவருக்கும் 180 விழும். ஒன்பது இடமும் அவர்களுக்கே. நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குழுவில் ஓர் ஆள்கூட இல்லை.

அதே தேர்தலில் ஒருவர் மூன்று பெயருக்கு மட்டும்தான் டிக் போடலாம் என்று வைப்போம். சின்ன அணி மூன்று பேரை நிறுத்தினால் ஒவ்வொருவருக்கும் 120 ஓட்டு. பெரிய அணியிடம் மொத்தம் 540 ஓட்டு இருக்கிறது. சின்ன அணியின் ஓர் ஆளையாவது தோற்கடிக்க ஏழு பேருக்கு 120-க்கு மேல் கொடுக்க வேண்டும். அதற்கு 840-க்கு மேல் தேவை. முடியாது. மூன்று இடம் உறுதி. யார் எந்த மொழி, எந்த மதம் என்று வேட்புமனுவில் ஒரு வார்த்தை எழுதாமலே இது நடந்துவிடுகிறது. மொழியை விட வாடகைப் பிரச்சினைதான் பெரிது என்றால் மக்கள் அந்தக் கோட்டில் சேர்ந்துகொள்வார்கள். உறைய வைக்காமல் பங்கு கொடுப்பது என்று மேலே சொன்னது இதைத்தான்.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் நம் மாநிலங்களவைத் தேர்தலில் இருக்கும் விருப்ப வரிசை முறை உண்டு: 1, 2, 3 என்று எண் போட்டு, உபரி ஓட்டை அடுத்தவருக்கு மாற்றுவது. அருமையான முறை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளப் ஹவுஸில் உட்கார்ந்து அதை எண்ணி, தோற்றவருக்கு விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும். சின்னச் சங்கத்துக்கு மூன்று டிக் போதும்.

படி 4: பொறுப்பைக் கொடுக்கும்போது சாவியையும் சேர்த்துக் கொடுங்கள்

குழுவுக்குள் ஆள் வந்துவிட்டார். அடுத்து அவருக்கு "கலாச்சாரச் செயலாளர்" பதவி கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். பொருளாளர், செயலாளர், கொள்முதல் எல்லாம் ஒரே பக்கம் இருக்கும்.

இதற்கு வடக்கு அயர்லாந்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பிரிட்டனோடு இருக்க விரும்பும் சமூகத்துக்கும் அயர்லாந்தோடு சேர விரும்பும் சமூகத்துக்கும் இடையிலான மோதலை முடித்த 1998-இன் புனித வெள்ளி ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கே பெரும்பாலான அமைச்சர் துறைகளைக் கட்சிகள் தங்கள் பலத்துக்கு ஏற்ற வரிசையில் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கின்றன. முதலில் பெரிய கட்சி நிதித்துறையை எடுத்தால் அடுத்த கட்சி கல்வியை எடுக்கும், இப்படியே முறை வைத்துப் போகும். யாரும் யாருக்கும் பதவி "கொடுப்பது" இல்லை. சங்கத்திலும் இதைச் செய்யலாம். அதிக ஓட்டு வாங்கிய அணி முதலில் ஒரு பொறுப்பை எடுக்கட்டும். இரண்டாவது தேர்வு அடுத்த அணிக்கு. தலைவர் ஒரு பக்கம் என்றால் பொருளாளர் தானாகவே மறுபக்கம் போவார்.

சரி, செக்கில் இரண்டு அணியும் சேர்ந்து கையெழுத்துப் போடட்டும் என்று அடுத்து தோன்றும். இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நம்மூர் ஊராட்சிகளில் செக்கில் தலைவர், துணைத் தலைவர் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஊழலைத் தடுக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் தலைவர் பதவி பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்ட இடங்களில், ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த துணைத் தலைவர் கையெழுத்துப் போட மறுத்து ஊராட்சியையே முடக்குவதாகத் தலைவர்கள் பல முறை புகார் சொல்லியிருக்கிறார்கள். தெரு விளக்கு மாற்றக்கூடப் பணம் எடுக்க முடியாது. பலவீனமானவரைக் காக்க வைத்த பூட்டு, பலமானவர் கையில் ஆயுதமாகிவிடுகிறது.

வடக்கு அயர்லாந்திலும் இதே கதை. முதலமைச்சர், துணை முதலமைச்சர் இருவருக்கும் சம அதிகாரம். ஒருவர் விலகினால் மற்றவரும் பதவியில் நீடிக்க முடியாது. 2017 தொடக்கத்திலிருந்து மூன்று ஆண்டும், 2022-இலிருந்து இரண்டு ஆண்டும் அரசு இப்படித்தான் முடங்கியது.

ஆகவே இருவரில் இருவர் என்று வைக்காமல் மூவரில் இருவர் என்று வையுங்கள். தலைவர், பொருளாளர், இன்னொரு குழு உறுப்பினர். இந்த மூன்று பேரும் ஒரே அணியாக இருக்கக் கூடாது. ஒருவர் முரண்டு பிடித்தாலும் சம்பளம் நிற்காது. ஒருவராகப் பணமும் எடுக்க முடியாது.

ஒதுக்கீடு மட்டும் போதாது என்பதற்கும் நம் மாநிலமே சாட்சி. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் 1996-இல் பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டன. வேட்பாளர் நிற்க விடவில்லை; அப்படியே யாராவது வென்றாலும் உடனே ராஜினாமா வாங்கப்பட்டது. ஒழுங்காகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் நிலைத்தது 2006-இல். 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியலினப் பெண் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் வெளியானது நினைவிருக்கலாம். சட்டப்படி அவர்தான் தலைவர். உங்கள் சங்கத்தில் யாரையும் தரையில் உட்கார வைக்க மாட்டார்கள். ஆனால் கொட்டேஷன் கவரை யார் முன்னால் பிரிக்கிறார்கள், பேங்க் ஓ.டி.பி. யார் போனுக்கு வருகிறது என்று பார்த்தால் நாற்காலி யாருக்கு என்று தெரியும்.

படி 5: பொதுவானதையும் தனியானதையும் பிரியுங்கள்

பல மொழி, பல மதத்தார் இருக்கும் இடத்தில் சண்டை அதிகம் வருவது லிஃப்ட் பராமரிப்பில் இல்லை, பண்டிகைச் செலவில். பிள்ளையார் சதுர்த்திக்குப் பொது நிதியிலிருந்து பந்தல்; ஓணத்துக்கு "நீங்களே வசூல் பண்ணிக்கங்க"; கிறிஸ்துமஸ் மரத்துக்கு லாபியில் மூன்று நாள் மட்டும்; ரம்ஜானுக்கு யாரும் எதுவும் கேட்கவே இல்லை, கேட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. பெரும்பான்மையினருக்குத் தங்கள் பண்டிகை "பொது" என்றும் மற்றவர்களுடையது "அவங்களோடது" என்றும் இயல்பாகத் தோன்றிவிடுகிறது.

பொது நிதியை மதப் பண்டிகைகள் எதற்கும் தொடாமல் விடுவது ஒரு வழி. நான் பார்த்தவரை இது ஒரு வருடத்துக்கு மேல் நிற்பதில்லை, மக்களுக்குக் கொண்டாட்டம் வேண்டும். இன்னொரு வழி, எல்லாருக்கும் ஒரே விதி: குறைந்தது இருபது வீட்டார் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் எந்த விழாவுக்கும் கிளப் ஹவுஸ் இலவசம், ஒரே அளவு தொகை, ஒலிபெருக்கிக்கு ஒரே நேரக் கட்டுப்பாடு. எந்த விழா, யார் விழா என்று குழு விவாதிக்கவே வேண்டாம். பெல்ஜியத்தில் 1970 முதல் நடந்த அரசியல் சட்டத் திருத்தங்கள் டச்சு, பிரெஞ்சு, ஜெர்மன் மொழிச் சமூகங்களுக்குக் கலாச்சாரத்தையும் பிறகு கல்வியையும் அவரவரே பார்த்துக்கொள்ளும்படி பிரித்துக் கொடுத்தன. எது அவரவர் விஷயமோ அதைப் பொது மேஜைக்குக் கொண்டு வராததே பாதிச் சண்டையைக் குறைக்கும்.

படி 6: ஓர் அபாய மணி வையுங்கள், வீட்டோ கொடுக்காதீர்கள்

ஒரு முடிவு ஒரு பிரிவினரைக் கடுமையாகப் பாதிக்கும் என்றால் அவர்கள் என்ன செய்வது? குடியிருப்பில் அசைவம் சமைப்பவருக்கு வாடகைக்கு விடக் கூடாது என்று ஒரு தீர்மானம் வருகிறது என்று வையுங்கள். ஓட்டுக்கு விட்டால் ஜெயிக்கலாம். ஜெயித்துவிட்டால் அந்தச் சங்கத்தில் பிறகு ஒற்றுமை என்று ஒன்றும் இருக்காது.

வடக்கு அயர்லாந்துச் சட்டமன்றத்தில், 2022-இல் விதியை இறுக்கும் வரை, முப்பது பேர் கையெழுத்திட்டால் இரு சமூகத்தாரின் ஆதரவும் இல்லாமல் எந்தத் தீர்மானமும் நிறைவேறாதபடி செய்ய முடிந்தது. சிறுபான்மையைக் காக்க வந்தது. 2011 முதல் 2016 வரை நூறு முறைக்கு மேல் பயன்படுத்தப்பட்டது, சமூகப் பாதுகாப்புக்குச் சம்பந்தமே இல்லாத விஷயங்களுக்கும்கூட. பெல்ஜியத்தின் 'அபாய மணி' ஏற்பாடு இதைவிடச் சாமர்த்தியமானது. நாடாளுமன்றத்தில் ஒரு மொழிக் குழுவின் நான்கில் மூன்று பங்கினர் மனு கொடுத்தால் மசோதா நிறுத்தி வைக்கப்படும். டச்சு பேசும் அமைச்சர்களும் பிரெஞ்சு பேசும் அமைச்சர்களும் சம எண்ணிக்கையில் இருக்கும் அமைச்சரவை முப்பது நாளுக்குள் காரணத்தோடு கருத்துச் சொல்ல வேண்டும். அங்கே யாரும் எதையும் கொன்றுவிட முடியாது, நிறுத்தி யோசிக்க வைக்க முடியும். மிக அரிதாகத்தான் இது பயன்பட்டிருக்கிறது. மணி இருக்கிறது என்பதே பலரையும் முன்கூட்டியே பேச வைத்துவிடுகிறது.

சங்கத்துக்கு இப்படி எழுதலாம்: குழுவில் இருவரோ, பத்தில் ஒரு பங்கு உறுப்பினரோ எழுத்தில் கேட்டால், அவசரப் பராமரிப்பு தவிர எந்த முடிவும் முப்பது நாள் நிற்கும். இரு தரப்பிலும் சம எண்ணிக்கையில் ஆட்கள் உட்கார்ந்து மாற்று வாசகம் தயாரிப்பார்கள். அதன்பின் பொதுக்குழு ஓட்டு. ஒரே விஷயத்துக்கு ஒரு முறைதான் மணி அடிக்கலாம்.

படி 7: கூட்டம் எப்போது, எந்த மொழியில்?

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் சர்ச்சுக்குப் போகிறவர்கள் வர முடியாது. மாலை ஏழரை என்றால் சமையல் செய்பவர்கள் வர முடியாது, அது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நேரங்களை மாற்றி மாற்றி வைத்தால் சுமை பகிரப்படும்.

"எல்லாருக்கும் புரியுமே, இங்கிலீஷ்ல பேசிடலாம்" என்பது நடுநிலை மாதிரி தோன்றும். உண்மையில் அது ஐ.டி. கம்பெனியில் மீட்டிங் நடத்திப் பழகியவருக்குக் கொடுக்கும் மைக். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், தெலுங்கு மட்டும் பேசும் பாட்டி, டியூஷன் எடுக்கும் அக்கா எல்லாரும் வாய் மூடிவிடுவார்கள். அவரவருக்கு வசதியான மொழியில் பேசட்டும். இரண்டு மொழி தெரிந்த ஒருவர் இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை சொல்லிக்கொண்டே வரட்டும். நேரம் கூடும், கூடட்டும். அஜெண்டாவைப் பாதியாகக் குறையுங்கள். ஓட்டெடுப்புக்கு வரும் தீர்மான வாசகம் மட்டும் கட்டாயம் தமிழிலும் ஆங்கிலத்திலும் கையில் இருக்க வேண்டும்.

பேசும் வரிசையும் முக்கியம். ராணுவ நீதிமன்றங்களில் பதவியில் இளையவர்தான் முதலில் கருத்துச் சொல்வார், மூத்தவர் கடைசி. தலைவர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் தலையாட்டத்தான் செய்வார்கள். "யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?" என்று கேட்டு இரண்டு நொடியில் நிறைவேற்றும் பழக்கத்தையும் விடுங்கள். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். மினிட்ஸ் அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விடாமல், முடிவுகளை எழுந்திருக்கும் முன் வாசித்துவிடுங்கள்.

படி 8: ஓட்டே இல்லாதவர்கள்

வாடகைதாரர்களுக்கு ஓட்டு இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தும் சங்கங்களில், அன்றாடம் தண்ணீருக்கும் குப்பைக்கும் அவஸ்தைப்படுபவர்களில் பாதி பேர் வெளியே நிற்கிறார்கள். தண்ணீர், பாதுகாப்புத் துணைக்குழுக்களில் அவர்களுக்கு இடம் கொடுக்க பெரும்பாலும் எந்த விதியும் தடையாக இருக்காது.

கேட்டில் நிற்கும் அசாம், ஒடிசா இளைஞர்களும் வீட்டு வேலைக்கு வரும் பெண்களும் இன்னும் வெளியே. அவர்களைப் பற்றிய புகாரை உரிமையாளர்கள் மட்டும் உட்கார்ந்து விசாரிப்பது விசாரணை ஆகாது. 2013-இன் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் உள்ள புகார் குழுவுக்குப் பெண் தலைமையும், பாதிக்குக் குறையாத பெண் உறுப்பினர்களும், வெளியிலிருந்து ஓர் உறுப்பினரும் வேண்டும் என்கிறது. அந்த வெளி ஆள் என்ற யோசனையை எல்லா வகைப் புகாருக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

படி 9: எதை முதலில் செய்வது?

எல்லாவற்றையும் ஒரே பொதுக்குழுவில் கொண்டு போனால் எல்லாம் தோற்கும். பைலாவைத் தொடாமல் செய்யக்கூடியவை முதலில்: கூட்ட நேரம், இரு மொழி, பேசும் வரிசை, முடிவுகளை வாசித்தல், அஜெண்டாவில் யார் வேண்டுமானாலும் ஒரு விஷயம் சேர்க்கலாம் என்ற பழக்கம், வாட்ஸாப்புக்கு மூன்று அட்மின். இவற்றுக்கு யாரும் எதிர்ப்புச் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூச்சப்படுவார்கள். அடுத்து குழுத் தீர்மானத்தால் ஆகக்கூடியவை: கையெழுத்து ஏற்பாடு, துணைக்குழுக்கள், பண்டிகை விதி.

ஓட்டு முறை, பொறுப்புத் தேர்வு, அபாய மணி ஆகியவைதான் பைலாவில் ஏற வேண்டியவை. பல சங்கங்கள் 1975-இன் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானவை. அதன்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது, ஆனால் அதே ஆட்கள் மறுபடி வரலாம். தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் ஒரே பொறுப்பில் இருக்கக் கூடாது என்பதை நீங்களாகத்தான் சேர்க்க வேண்டும். பைலா திருத்தத்துக்குப் பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் தேவை. பிறகு பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். திருத்த வாசகம் முழுவதையும் அழைப்பிலேயே போடுங்கள். "பைலா திருத்தம் பற்றி விவாதிக்க" என்று ஒற்றை வரி போட்டால் பின்னால் யாராவது செல்லாது என்பார்கள்.

தேர்தலுக்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. யார் ஜெயிப்பார் என்று தெரியாத வரைதான் இன்றைய பெரும்பான்மையும் "நாளைக்கு நாமே தோற்றால்?" என்று யோசிக்கும். வேட்பாளர் பெயர்கள் அடிபடத் தொடங்கிவிட்டால், மூன்று டிக் முறையைக் கொண்டு வருபவர் யாருக்காக வருகிறார் என்ற பேச்சுதான் ஓடும். அப்படி நேரம் கடந்திருந்தால், திருத்தத்தை இப்போதே நிறைவேற்றி, அடுத்ததற்கு அடுத்த தேர்தலிலிருந்து அமலுக்கு வரும் என்று எழுதிவிடுங்கள்.